பேச்சியின் பாலில் இருந்த சர்க்கரை

போன மாதம் எங்கள் பழைய ஆஸ்பத்திரியில் சோதனை அறைக்குப் புதுக் கட்டடம் திறந்தார்கள். ஓய்வு பெற்றவள் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். அங்கே வேலை பார்க்கும் பெண் ஒருத்தி, ஒரு சின்னக் காகிதப் பட்டையைச் சிறுநீரில் தொட்டு எடுத்தாள். நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வதற்குள் "சர்க்கரை இல்லை" என்று சொல்லிவிட்டாள்.

"பால் கொடுக்கிற தாயாக இருந்தால்?" என்று கேட்டேன்.

"யாரா இருந்தா என்னம்மா? பால் சர்க்கரைக்கு இது நிறம் மாறாது."

பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவள் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். எனக்கு மயக்கம் ஒன்றுமில்லை. அவள் போகிற போக்கில் சொன்ன அந்த வார்த்தையைத் தெரிந்துகொள்வதற்காக நாங்கள் ஒரு காலத்தில் ரொட்டிக்கடைக்கு ஓடியிருக்கிறோம். அந்தக் கதையைச் சொன்னேன். எழுதிக் கொடுங்கள் என்றாள்.

நான் பள்ளிக்கூடத்துப் படிப்பை முடித்த கையோடு, சென்னையில் ஒரு ஆஸ்பத்திரிச் சோதனை அறையில் வேலை பழகிவிட்டு மதுரைக்கு வந்தவள். இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்குச் சில வருஷங்கள் முன்பு. பெண்களுக்கான அந்த ஆஸ்பத்திரியில் எனக்குக் கிடைத்த அறை, மருந்து கலக்கும் இடத்தை ஒட்டிய ஒரு ஒடுக்கம். ஒரு மைக்ராஸ்கோப், ஒரு ஸ்பிரிட் விளக்கு, கண்ணாடிக் குழாய்கள், ஜன்னல். நோயாளிகள் எனக்கு வைத்த பெயர் சீசாக்கா.

சர்க்கரை பார்ப்பதற்கு அப்போது ஒரே வழிதான். நல்ல நீல நிறத்தில் ஒரு திரவம் உண்டு. அதைக் குழாயில் கொஞ்சம் எடுத்து, அதில் சிறுநீரைச் சில சொட்டுகள் விட்டு, விளக்கில் காய்ச்ச வேண்டும். குழாயின் வாயை யார் முகத்துக்கும் நேராகப் பிடிக்கக் கூடாது. பொங்கினால் கண் போய்விடும். கொதித்த பிறகு ஆற வைத்துப் பார்த்தால், நீலம் நீலமாகவே இருக்கும். அல்லது பச்சையாகும், மஞ்சளாகும், ஆரஞ்சாகும். சர்க்கரை மிகுந்திருந்தால் செங்கல்லைக் கரைத்தது போல் அடியில் படியும். எத்தனையோ முறை பார்த்தும் எனக்கு அது அலுக்கவில்லை. ஒரு உடம்புக்குள் நடப்பது நிறமாக வெளியே வந்து நிற்கிறதே என்று இருக்கும்.

எங்கள் பெரிய டாக்டர் மரகதம் அம்மாள். மெலிந்த உருவம், தாழ்ந்த குரல். வார்டுக்குள் வந்தால் சீட்டைப் பார்க்க மாட்டார். கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து முதலில் முகத்தைப் பார்ப்பார். எனக்கு ஆரம்பத்தில் அவரிடம் நடுக்கம். "சர்க்கரை இருக்கிறதும்மா" என்று சொல்லிக்கொண்டு போவேன். "நீலம் மாறிச்சுன்னு சொல்லுங்க. சர்க்கரைன்னு நான் சொல்லணுமா வேண்டாமான்னு பார்த்துச் சொல்றேன்" என்பார். கோபமாகச் சொல்வதில்லை. அந்த நீலத்தை மாற்றக்கூடிய பொருள்கள் வேறு சிலவும் உண்டு என்பது அவருக்குத் தெரியும். எனக்கும் புத்தகத்தில் படித்த வகையில் தெரியும். அதற்கு என்ன அர்த்தம் என்பது பேச்சியம்மாள் வந்த பிறகுதான் தெரிந்தது.

பேச்சியம்மாள் சோழவந்தான் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த குடும்பத்தில் வாக்கப்பட்டவள். ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் பெற்றிருந்தாள்; இரண்டுமே அசையாமல் பிறந்தவை. இரண்டும் பெரிய, கொழுத்த குழந்தைகள். யாரோ செய்வினை வைத்து வயிற்றில் தடவிவிட்டதாக ஊரில் பேச்சு. மூன்றாவது முறை உண்டானபோது தாகம் தாங்காமல் தவலையோடு தண்ணீர் குடித்திருக்கிறாள். புருஷன் கருப்பையா ரயிலேற்றிக் கூட்டி வந்தார். கூடவே கருப்பையாவின் அக்கா வீரம்மாள், இடுப்பில் தன் கைக்குழந்தையோடு. அவள்தான் டாக்டரிடம் முதலில் பேசினாள்.

"இவ ஒதுங்குற எடத்துல எறும்பு மொய்க்குது டாக்டரம்மா. நானே பார்த்தேன். இந்தப் பிள்ளையாச்சும் உசுரோட வேணும்."

என் அறையில் நீலம் செங்கல்லாயிற்று. அன்றைக்கே அவளுக்கு இன்சுலின் தொடங்கினார்கள். அந்த மருந்து நம் பக்கத்துக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. ஐஸ் பெட்டியில் வைத்துப் பூட்டியிருப்போம். பிரசவம் வரை பேச்சியை வார்டிலேயே வைத்துக்கொண்டார் டாக்டர். தினமும் ஊசி, தினமும் என்னிடம் சீசா. அவள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒரே ஒரு முறை, பக்கத்துக் கட்டிலில் எல்லோருக்கும் அதிரசம் கொடுத்தபோது, "எனக்கு மட்டும் எல்லாமே வேற மாதிரி ஆயிருச்சுக்கா" என்றாள்.

ஆயுதம் போட்டுத்தான் குழந்தையை எடுத்தார்கள். பெண். பெரிய உடம்பு, நீலம் பாரித்து, துவண்டு கிடந்தது. டாக்டர் சர்க்கரைத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக நாக்கில் விட்டுக்கொண்டே இருந்தார். பிறகு ஒரு அழுகை. வராந்தாவில் கருப்பையா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அடுத்த கவலை, பால். பேச்சிக்குப் பால் வரவில்லை. அவளுக்குப் பின்னால் பெற்றவர்களுக்கெல்லாம் மார் கனத்துவிட்டது. இவளுக்கு வறண்டு கிடந்தது. டாக்டர் குழந்தையை வேளை தவறாமல் மாரில் வைக்கச் சொன்னார். அது சப்பிச் சப்பிப் பார்த்துவிட்டு அழும். வீரம்மாள் உடனே வாங்கித் தன் மாரில் போட்டுக்கொள்வாள். ஒரு பக்கம் தன் மகள், ஒரு பக்கம் தம்பி மகள். யாரும் அவளைக் கேட்கவில்லை. அவளாகச் செய்தாள். அதை நான் சொல்லியே ஆக வேண்டும். அப்புறம் அவள் போட்ட சண்டையை மட்டும் சொன்னால் நியாயமில்லை.

"வராட்டி நல்லதுதான்" என்று அவள் வார்டு கேட்கச் சொன்னாள். "இவ மூத்திரமே சீனியா ஓடுது. பாலு எம்புட்டு சீனியா இருக்கும்? அதக் குடிச்சா பிள்ளைக்கும் அந்த வியாதி ஒட்டிக்கிராதா? என் பாலு போதும்."

பேச்சி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை, வழக்கம்போல் பேச்சியின் சிறுநீரைக் காய்ச்சினேன். பிரசவத்துக்குப் பிறகு நீலம் அநேகமாக நீலமாகவே இருந்துவந்தது. அன்றைக்குப் பளிச்சென்று ஆரஞ்சு. குழாயை எடுத்துக்கொண்டு வார்டுக்கு ஓடினேன். நிறம் ஏறினால் இன்சுலினை ஏற்ற வேண்டும் என்பது உத்தரவு. நர்ஸ் தங்கம் ஊசியில் மருந்தை ஏற்றிவிட்டாள். கையைத் துடைக்கப் பஞ்சும் எடுத்துவிட்டாள்.

அந்த நேரத்துக்கு டாக்டர் உள்ளே வந்து கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தார். பேச்சியின் முகத்தைப் பார்த்தார். நெற்றியெல்லாம் முத்து முத்தாக வேர்வை. விரல்கள் நடுங்கின. "கொடிக்கால்ல தண்ணி பாயுது, மடையை அடைங்க" என்று அவள் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

"தங்கம், ஊசியைக் கீழே வைங்க" என்றார் டாக்டர்.

"அம்மா, ஆரஞ்சு வந்திருக்கு..."

"வைங்க. குளுக்கோஸ் கரைச்சுக் கொண்டு வாங்க."

கரண்டி கரண்டியாகப் புகட்டினார். கொஞ்ச நேரத்தில் வேர்வை அடங்கியது. பேச்சி கண்ணைத் திறந்து, "என்ன எல்லாரும் நிக்கிறீக?" என்று கேட்டாள். இரத்தத்தில் சர்க்கரை இறங்கிப்போய்க் கிடந்தவள் அவள். அந்த ஊசி மட்டும் ஏறியிருந்தால்? தங்கம் ஊசியிலிருந்த மருந்தைக் கீழே பீய்ச்சிக் கொட்டினாள்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "பழைய சிறுநீர் தேங்கி நின்னிருக்கலாம். அதைப் போக்கிட்டு, புதுசா வர்றதைப் பாருங்க."

பார்த்தேன். அதுவும் ஆரஞ்சு.

என் அறைக்கே வந்து முக்காலியில் உட்கார்ந்தார். குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இரத்தத்தில சர்க்கரை இல்லை. அதை நாம கண்ணால பார்த்தோம். சிறுநீர்ல நீலம் மாறுது. அதையும் கண்ணால பார்த்தோம். ரெண்டும் நிஜம். அப்ப இது எந்தச் சர்க்கரை?" குழாயைத் திரும்ப மேஜையில் வைத்தார். பிறகு, "நொதி வேணும். ரொட்டிக்குப் போடுற ஈஸ்ட்" என்றார்.

இரத்தத்தில் உள்ள சர்க்கரையை நொதி தின்றுவிடும். தின்றால் காற்று கிளம்பும். பால் சர்க்கரையை அது தொடாது. இவ்வளவுதான் விஷயம். மேல மாசி வீதிப் பக்கம் ரொட்டி அடுப்பு வைத்திருந்த பாயிடம் நானே போனேன். அவர் மாவு பொங்குவதற்குக் கள்ளின் வண்டலைத்தான் வைத்திருந்தார்.

"ஆஸ்பத்திரியில ரொட்டி சுடப் போறீகளாம்மா?"

"இல்ல பாய். ஒரு அம்மாவோட சிறுநீர்ல போட்டுப் பார்க்கணும்."

"யா அல்லா!" என்றார். ஆனாலும் நல்ல வண்டலாகப் பார்த்து ஒரு சொம்பு நிறையக் கொடுத்தார். திரும்பும்போது, "அந்தம்மா சுகமாகட்டும். துவா செய்றேன்" என்றும் சொன்னார்.

வண்டலில் கள்ளின் சர்க்கரையே இருக்கும். அதை அப்படியே போட்டால் சோதனை பொய்யாகிவிடும். தண்ணீர் விட்டுக் கலக்கி, தெளியவிட்டு, மேல் தண்ணீரை இறுத்து, அந்தத் தண்ணீரை நீலத்தில் காய்ச்சிப் பார்த்தேன். பச்சை தட்டியது. மறுபடி கழுவினேன். கழுவிய தண்ணீர் நீலத்தைச் சிறிதும் மாற்றாத வரை கழுவினேன். பிறகு மூன்று குழாய்கள். ஒன்றில் குளுக்கோஸ் தண்ணீர், ஒன்றில் மருந்துப் பொடிகளில் கலக்கும் பால் சர்க்கரையின் தண்ணீர், மூன்றாவதில் பேச்சியின் சிறுநீர். மூன்றிலும் ஒரே அளவு நொதி. ஒவ்வொரு குழாய்க்குள்ளும் இன்னொரு சின்னக் குழாயைத் திரவம் நிரப்பித் தலைகீழாக நிறுத்தினேன். காற்று கிளம்பினால் அந்தச் சின்னக் குழாயின் உச்சியில் வந்து தங்கும். சூடு வைக்க வேண்டிய அவசியம் இல்லை. மதுரை வெயில் பார்த்துக்கொண்டது.

முதல் குழாயில் பொடிப்பொடியாகக் குமிழ்கள் ஏறத் தொடங்கின. உச்சியில் காற்று பெருகிப் பெருகி, உள்ளே இருந்த தண்ணீரைக் கீழே தள்ளியது. பால் சர்க்கரைக் குழாய் சும்மா இருந்தது. பேச்சியின் குழாயும் சும்மா இருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டர் வந்து எட்டிப் பார்ப்பார், போவார், மறுபடி வருவார். கடைசியில் மூன்றையும் வடிகட்டி நீலத்தில் காய்ச்சினேன். முதலாவது நீலம்; இருந்த சர்க்கரையை நொதி தீர்த்துவிட்டது. மற்ற இரண்டும் ஆரஞ்சு.

"பால் சர்க்கரை" என்றார் டாக்டர், மிக மெதுவாக. "உடம்பில வேற எங்கயும் இது உண்டாகாது. மார்பு மட்டும்தான் செய்யும்."

"ஆனா அவளுக்குப் பாலே வரலையே அம்மா?"

"ஊற ஆரம்பிச்சிருச்சு. இன்னும் வெளியே வழி திறக்கலை. தேங்கினது இரத்தத்துக்குத் திரும்பி, சிறுநீர்ல போகுது. நாம அதைத்தான் பார்த்துக்கிட்டிருக்கோம்."

தன் மார் வறண்டுவிட்டது என்று ஒருத்தி சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். அவளுக்கும் தெரியாமல், அவள் குழந்தைக்கும் தெரியாமல் பால் புறப்பட்டுவிட்டது. அது முதலில் என் ஜன்னலுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

டாக்டர் போய்ப் பேச்சியிடம் சொன்னார். வீரம்மாள் சிரித்தாள். "மாரு ரெண்டும் வாடிக் கெடக்கு. சீசாவுல பாலு வந்துருச்சாம்ல!"

மறுநாள் விடிந்து நான் வார்டுப் பக்கம் போனபோது பேச்சி கைகாட்டிக் கூப்பிட்டாள். ரவிக்கையின் முன்பக்கம் நனைந்திருந்தது. "என்னக்கா இது" என்றாள். அழுதுகொண்டே சிரித்தாள்.

சண்டை அப்போதுதான் தொடங்கியது. வீரம்மாள் குழந்தையைத் தர மறுத்துவிட்டாள். மார்போடு அணைத்துக்கொண்டு கட்டிலுக்கு எட்டி நின்றாள். கருப்பையா அக்காவையும் பெண்டாட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "மதினி, ஒரு தடவை" என்றாள் பேச்சி. "ரெண்டப் பறிகுடுத்தது மறந்துபோச்சா ஒனக்கு?" என்றாள் வீரம்மாள். அவள் கண்ணிலும் தண்ணீர்தான். அந்த இரண்டு குழந்தைகளையும் குளிப்பாட்டித் தூக்கிக்கொண்டு போனவள் அவள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

நர்ஸ்கள் அவளை அதட்டினார்கள். டாக்டர் அவர்களை நிறுத்தினார். "அவங்க கேக்குறது நியாயமான கேள்வி. இந்தப் பால்ல என்ன இருக்குன்னு எனக்கும் தெரியாது. பார்த்துட்டுச் சொல்றேன். ஆனா உங்க பாலும் வேணும் வீரம்மா. எதோட ஒப்பிடுறது?"

"என் பாலையுமா காய்ச்சப் போறீக?"

"ஆமா. நீங்களும் கூட வந்து பாருங்க."

அப்படித்தான் என் ஒடுக்கத்துக்குள் வீரம்மாளும் இரண்டு குழந்தைகளும் டாக்டரும் கருப்பையாவும் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். வீரம்மாளின் பால், பேச்சியின் பால், அப்போதுதான் பால் கட்டியிருந்த பக்கத்துக் கட்டில் பெண்ணின் பால், மூன்றையும் வைத்துக்கொண்டேன். புளிக்காடி, அதாவது வினிகர், விட்டுத் திரியவைத்து, வடிகட்டி, தெளிவை மட்டும் எடுத்து, நீலத்தில் காய்ச்சினேன். முதலில் வீரம்மாளுடையது. கொதித்ததோ இல்லையோ, செங்கல்.

"அடி ஆத்தீ!" என்று அலறினாள். "என் பாலு செவக்குதே! எனக்கும் சீனி வியாதியா?"

"எல்லார் பாலும் சிவக்கும்" என்றார் டாக்டர். "இனிப்பில்லாத பால் உண்டா?"

மற்ற இரண்டும் சிவந்தன. பிறகு நொதி போட்டுக் காத்திருந்தோம். வீரம்மாள் நகரவே இல்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்து இரண்டு குழந்தைகளுக்கும் பால் கொடுத்துக்கொண்டு குழாய்களை முறைத்துக்கொண்டிருந்தாள். அவளுடையதில் குமிழ் இல்லை. பக்கத்துக் கட்டில் பெண்ணுடையதிலும் இல்லை. பேச்சியின் குழாயில் மட்டும், உச்சியில், ஊசிமுனை போல ஒன்று. நான் அதை டாக்டருக்குக் காட்டினேன். அவர் வீரம்மாளுக்குக் காட்டினார்.

"இவ்வளவுதான் இரத்தச் சர்க்கரை இவங்க பால்ல கலந்திருக்கு. இது பிள்ளையைக் கெடுக்கும்னு நான் நினைக்கலை. பிள்ளையைத் தினமும் எடை போட்டுப் பார்ப்போம். ஏறாட்டி நானே நிறுத்துறேன்."

கடைசியாக அளவு. கொதிக்கும் நீலத் திரவத்தில், கோடு போட்ட நீளக் கண்ணாடிக் குழாயிலிருந்து பால் தெளிவைச் சொட்டுச் சொட்டாக இறக்க வேண்டும். நீலம் முழுக்க மறையும் இடத்தில் நிறுத்த வேண்டும். இனிப்பு அதிகமான பால் சீக்கிரம் மறைக்கும். வீரம்மாளின் பால் சீக்கிரமே மறைத்தது. பக்கத்துக் கட்டில் பெண்ணுடையது இன்னும் கொஞ்சம் கேட்டது. பேச்சியின் பால் விட விட நீலம் போகவில்லை. விட்டுக்கொண்டே இருந்தேன். எனக்கே நம்பிக்கை வராமல் திரும்ப ஒரு தடவை செய்தேன்.

"என்னாச்சு?" என்றாள் வீரம்மாள்.

"பேச்சி பால்லதான் சர்க்கரை கொறைச்சல்" என்றேன்.

அவள் என்னையும் குழாயையும் பார்த்தாள். "சீனிக்காரி பாலுல சீனி கொறச்சலா?"

"புதுப் பால்னா கொஞ்சம் கொறைச்சலாத்தான் இருக்கும்" என்றார் டாக்டர். "இவங்களுது அதைவிடவும் கொறைச்சல். மார்பு இப்பத்தான் வேலையைப் பிடிச்சிருக்கு, பிந்திப் பிடிச்சிருக்கு. சரியாகுமான்னு பார்க்கணும்."

வீரம்மாள் எழுந்தாள். சேலையை உதறிக்கொண்டு நேரே வார்டுக்கு நடந்தாள். நாங்கள் பின்னால் போனோம். பேச்சியின் மடியில் குழந்தையை வைத்து, தன் கையாலேயே அதன் வாயை மாரில் பொருத்தினாள். "இந்தா. ஒன் பாலுல உப்புச் சப்பு இல்லையாம். வேணுங்கிற மட்டும் குடிக்கட்டும், பெறகு நான் தாரேன்" என்றாள். குழந்தை கடகடவென்று விழுங்கும் சத்தம் எனக்குக் கேட்டது.

எடை ஏறியது. பேச்சிக்கு இன்சுலின் குறைந்துகொண்டே வந்தது. குழந்தை குடிக்கக் குடிக்கத் தாய்க்கு மருந்து குறைவது டாக்டருக்கே வியப்பு. தாயின் சர்க்கரையை எடுத்து மார்பு பாலாக்கி அனுப்பிவிடுகிறதோ என்று என்னிடம் கேட்டார். கேட்டுவிட்டு, "எனக்குத் தெரியாது" என்றும் சொன்னார். ஊருக்குப் போகும்போது கருப்பையா ஊசி போடப் பழகியிருந்தார். ஐஸுக்கு எங்கே போவது என்று நாங்கள் யோசித்தபோது, அவர் கொடிக்காலுக்குள் ஈர மணலில் புதைத்த மண்கலயத்தில் மருந்தை வைத்துக்கொள்வதாகச் சொன்னார். அந்த நிழலைவிடக் குளிர்ந்த இடம் சோழவந்தானில் இல்லை என்றார்.

குழந்தை தவழத் தொடங்கிய சமயம் பேச்சியும் கருப்பையாவும் வீரம்மாளும் ரயிலில் வந்தார்கள். டாக்டர் மறுபடியும் இரண்டு பேரின் பாலையும் பார்க்கச் சொன்னார். வீரம்மாளுடையதை முதலில் செய்து, நீலம் மறைந்த கோட்டைப் பார்த்துக்கொண்டேன். பிறகு பேச்சியுடையது. சொட்டு இறங்க இறங்க நீலம் வெளிறியது. மறைந்தது. கோட்டைப் பார்த்தேன். அதே இடம். குழாயைக் கழுவி மறுபடி செய்தேன். அதே இடம்தான்.

டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு நிமிரவே இல்லை. தான் தின்ற ஒரு பிடிச் சோற்றின் சர்க்கரையைத் தானாக அடக்கத் தெரியாத உடம்பு அது. தினமும் ஊசி குத்தி நாங்கள் வெளியிலிருந்து அதற்கு அளந்துகொண்டிருக்கிறோம், அதுவும் கூடக் குறையத்தான். அந்த உடம்பே தன் பிள்ளைக்கு அளக்கும்போது சொட்டுப் பிசகாமல் அளந்திருக்கிறது. நான் வேலை பார்த்த காலமெல்லாம் எத்தனையோ பார்த்தேன். அன்றைக்குப் போலக் கைகூப்பத் தோன்றியது வேறு எப்போதும் இல்லை.

பேச்சி வாசலில் வந்து நின்றாள். குழந்தை அவள் தோளைக் கடித்துக்கொண்டிருந்தது.

"என்ன இருக்குக்கா என் பாலுல?"

"ஒண்ணும் விசேஷமா இல்ல பேச்சி. எல்லாத் தாய்மார் பாலும் எப்படி இருக்குமோ, அப்படி இருக்கு."

அவள் அதை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டாள். பிறகு வராந்தாவைப் பார்த்துத் திரும்பி, வார்டே திரும்பிப் பார்க்கும்படி உரக்கச் சொன்னாள்:

"மதினி! சாதாரணப் பாலுதானாம்!"